அக்கரை அறிவுரை: எங்கள் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுவினருக்கு,

மார்ச் மாதம் நான் அனுப்பிய கோரிக்கைக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. சங்கம் மொழிக்கும் கலைக்குமான அமைப்பு, சட்ட விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது என்றீர்கள். நான் தலையிடச் சொல்லவில்லை. சித்திரைத் திருநாள் விழாவில் அரை மணி நேரம் கேட்டேன். அமெரிக்காவில் வேறு மாநிலத்தில் வேகமாகப் போய் டிக்கெட் (அபராதச் சீட்டு) வாங்கினால் அது நியூ ஜெர்சி, நியூயார்க் என நமக்கு லைசென்ஸ் கொடுத்த மாநிலத்தின் ரெக்கார்டில் என்ன செய்யும் என்பதை, விஷயம் தெரிந்த ஒரு லாயர் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லட்டும் என்றேன். அவர் காசுகூடக் கேட்கவில்லை. அதே மேடையில் வீட்டுக் கடன் விற்க வந்த ஸ்பான்சருக்கு நாற்பது நிமிடம் கொடுத்தீர்கள். அதனால் பட்டிமன்றம் பாதியில் நின்று, நடுவர் தீர்ப்புச் சொல்லாமலே எல்லோரும் சாப்பாட்டு வரிசைக்குப் போனோம்.

அதைக்கூட விட்டிருப்பேன். அடுத்த வாரம் நடந்ததைத்தான் விட முடியவில்லை. சங்கத்தின் வாட்ஸப் குழுவில் "புதியவர்களுக்கான குறிப்புகள்" என்று ஒரு பதிவு மேலே நிரந்தரமாகக் குத்திவைக்கப்பட்டிருக்கிறது. எந்தக் கடையில் பொன்னி அரிசி கிடைக்கும், எந்தக் குழந்தை மருத்துவர் தமிழ் பேசுவார் என்பவை எல்லாம் உள்ள நல்ல பதிவுதான். அதில் பதினான்காவது குறிப்பு இப்படி இருக்கிறது: "வேற ஸ்டேட்ல ஸ்பீடிங் டிக்கெட் வந்தா பயப்படாதீங்க. நம்ம ரெக்கார்டுல ஏறாது. ஆன்லைன்ல கட்டிட்டு மறந்துடுங்க." இது தவறு என்று விளக்கி ஒரு பத்தி எழுதிப் போட்டேன். பத்து நிமிடத்தில் அது காணாமல் போனது. "பீதியைக் கிளப்ப வேண்டாம் அக்கா" என்று குழுவை நிர்வகிக்கும் தம்பி தனியாகச் செய்தி அனுப்பினார். பதினான்காவது குறிப்பு இன்றும் அங்கேயே இருக்கிறது. அதனால்தான் இந்த மடலைப் பலரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

அந்தக் குறிப்பை நம்பியவர்களில் நானும் ஒருத்தி. நாத்தனார் மகளின் அரங்கேற்றத்துக்காக நியூ ஜெர்சியிலிருந்து வட கரோலினாவுக்குக் காரில் போனோம். பின்சீட்டில் பூக்கூடை, பித்தளைக் குத்துவிளக்கு, தூங்கும் பிள்ளைகள். 65 மைல் வேகம் அனுமதிக்கப்பட்ட இடத்தில் நான் 79-ல் போய்க்கொண்டிருந்தேன். தவறு என்னுடையதுதான், அதில் எனக்கு வாதம் இல்லை. போலீஸ்காரர் மரியாதையாகப் பேசி, தாளைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வந்ததும் குழுவில் தேடினேன், பதினான்காவது குறிப்பு கண்ணில் பட்டது, நிம்மதியாக அன்று இரவே கார்டில் பணத்தைக் கட்டினேன். கட்டும் பக்கத்தில் ஒரு பெட்டியை டிக் செய்யச் சொன்னது. படித்தேனா? இல்லை. பணம் கட்டுவதன் மூலம் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்பதுதான் அந்தப் பெட்டி.

ஊரில் நாம் பழகியது வேறு. வண்டியை ஓரங்கட்டி, ஃபைன் கட்டி, ரசீதைப் பையில் போட்டால் கதை முடிந்தது. இங்கே கதை அப்போதுதான் தொடங்குகிறது. பணம் கட்டினால் அது குற்ற ஒப்புதல். நீதிமன்றம் அதைத் தீர்ப்பாகப் பதிகிறது. அந்த மாநிலம் அந்தத் தீர்ப்பை லைசென்ஸ் கொடுத்த மாநிலத்துக்கு அனுப்புகிறது. வீட்டு மாநிலம் தன் சட்டப்படி அதற்கு ஒரு விலை போடுகிறது.

நியூ ஜெர்சி போடும் விலை இரண்டு பாயின்ட், அதாவது லைசென்ஸ் ரெக்கார்டில் ஏறும் தண்டனைப் புள்ளி. வேறு மாநிலத்தில் வாகனம் ஓட்டும்போது செய்த விதிமீறல் எதுவானாலும் இரண்டு. இதே மாநிலத்துக்குள் என்றால் வேகத்தைப் பொறுத்து மாறும்: அனுமதித்த வேகத்துக்கு மேல் 14 மைல் வரை 2, 15 முதல் 29 வரை 4, 30-ம் அதற்கு மேலும் 5. அந்தக் கணக்கில் வெளியூரில் மாட்டுவதுதான் லாபம் என்று யாராவது சொன்னால் ஒரு வகையில் சரிதான். ஆனால் எனக்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான் நியூ ஜெர்சி டர்ன்பைக் நெடுஞ்சாலையில் ஒரு டிக்கெட். அதில் நான்கு பாயின்ட். நாலும் இரண்டும் ஆறு. மூன்று ஆண்டுக்குள் ஆறு பாயின்ட் சேர்ந்தால் மாநிலம் தனியாக 150 டாலர் கூடுதல் கட்டணம் கேட்கும். அதற்கு மேல் ஒவ்வொரு பாயின்டுக்கும் 25 டாலர். பன்னிரண்டைத் தொட்டால் லைசென்ஸே நிறுத்தப்படும். கடிதம் வந்தபோது அரங்கேற்றம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஏதோ மோசடிக் கடிதம் என்று நினைத்து முதலில் அதைக் குப்பையில் போடப் பார்த்தேன்.

அப்புறம் இன்சூரன்ஸ். புதுப்பிக்கும் நேரத்தில் அவர்கள் ரெக்கார்டைப் பார்ப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆறு மாத பிரீமியம் 210 டாலர் கூடி வந்தது. போன் செய்து கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் என் வட கரோலினா டிக்கெட்டின் தேதியைச் சொன்னாள். "நம்ம ரெக்கார்டுல ஏறாது" என்ற வரி அப்போது என் காதில் ஒலித்தது.

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது என்று விசாரித்தேன். கோபத்தில் தொடங்கிய விசாரணை, முடிந்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் குவீன்ஸில் இருக்கிறார். நியூயார்க் லைசென்ஸ். நியூயார்க் மாநிலம், தன் ஓட்டுநர்கள் மற்ற அமெரிக்க மாநிலங்களில் வாங்கும் சாதாரண வேக டிக்கெட்டுகளைத் தன் ரெக்கார்டில் ஏற்றுவதில்லை. அவருக்கு அது அனுபவ உண்மை. பென்சில்வேனியாவில் ஒரு முறை மாட்டினார், கட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. அந்த உண்மை ஹட்சன் ஆற்றைக் கடந்து நம் பக்கம் வந்ததும் பொய்யாகிவிட்டது. நம் சங்கத்தில் இரு கரையிலும் உறுப்பினர்கள் இருக்கிறோம். ஒரே குழு, ஒரே பொங்கல், ஒரே பதினான்காவது குறிப்பு. சட்டம் மட்டும் கரைக்கு ஒன்று.

அந்தக் குறிப்பு நியூயார்க்காரர்களுக்காவது முழுக்கச் சரியா என்றால் அதுவும் இல்லை. நியூயார்க் இரண்டு வெளியிடங்களுக்கு விதிவிலக்கு வைத்திருக்கிறது: கனடாவின் ஒன்டாரியோவும் கியூபெக்கும். அங்கே வாங்கிய டிக்கெட் ரெக்கார்டில் ஏறும், பாயின்டும் உண்டு. நம் ஆட்கள் நீண்ட வார இறுதி வந்தால் எங்கே போகிறார்கள்? கல்யாணப் புடவைக்கும் நகைக்கும் கொத்து ரொட்டிக்கும் ஒன்டாரியோவின் டொராண்டோவில் இருக்கும் ஸ்கார்பரோவுக்குத்தானே! வர்ஜீனியா டிக்கெட் வராத அதே நியூயார்க் வீட்டுக்கு டொராண்டோ டிக்கெட் பின்னாலேயே வரும். இன்னொரு நாட்டு டிக்கெட் எங்கே துரத்தப் போகிறது என்று நினைப்பதுதான் மனித இயல்பு. இங்கே அது நேர்மாறு.

இதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுவில் இதைப் பற்றியும் அரைகுறையாக ஒரு விவாதம் ஓடியது. டிரைவர் லைசென்ஸ் காம்பாக்ட் என்பது 1960-களின் தொடக்கத்திலிருந்து மாநிலங்களுக்குள் இருக்கும் ஒப்பந்தம். ஒரு டிரைவர், ஒரு லைசென்ஸ், ஒரு ரெக்கார்டு என்பது அதன் அடிப்படை. பெரும்பாலான மாநிலங்கள் அதில் உண்டு. ஜார்ஜியா போன்ற சில மட்டும் அதில் இல்லை. உடனே ஒருவர், "அப்போ ஜார்ஜியால எவ்ளோ வேகமாப் போனாலும் சேஃப்" என்று எழுதினார். இதயக் குறிகள் விழுந்தன. ஒப்பந்தத்தில் இல்லை என்பதற்குத் தகவலே கொடுக்காது என்று பொருள் இல்லை. தவிர, ஜார்ஜியாவுக்கு என்று தனியாக ஒன்று இருக்கிறது. 2010 முதல் அங்கே சூப்பர் ஸ்பீடர் சட்டம் நடப்பில் உள்ளது. இருவழிச் சாலையில் 75, மற்ற எந்தச் சாலையிலும் 85 மைலைத் தொட்டுத் தண்டிக்கப்பட்டால், டிக்கெட் தொகைக்கு மேல் மாநிலம் தனியாக 200 டாலர் கேட்கும். வெளி மாநிலத்தாருக்கும் அது உண்டு. அந்தக் கடிதம் டிக்கெட்டைக் கட்டிய பிறகு தனியாக வரும். "கட்டிட்டு மறந்துடுங்க" என்ற யோசனையைக் கேட்டு மறந்தவருக்கு அங்கே ஓட்டும் உரிமை பறிபோகும்.

இனி இன்னொரு தம்பியின் கதை. பெயர் வேண்டாம். சங்கத்தின் பொங்கல் விழாவில் பறை அடித்தவர்களில் ஒருவர் என்றால் உங்களுக்கே தெரியும். எச்-1பி விசாவில் வந்து ஒன்றரை ஆண்டு. நண்பர்களோடு வர்ஜீனியா மலைப்பக்கம் போய்த் திரும்பும்போது, 70 மைல் சாலையில் 91-ல் பிடிபட்டார். தாளைக் கையில் வாங்கி, "டிக்கெட்தானே" என்று குழுவில் கேட்டார். குறிப்பு எண் 14-ஐப் பார்க்கச் சொல்லி மூன்று பேர் பதில் போட்டார்கள். அதன்படி ஆன்லைனில் கட்டப் போனார். பணம் கட்டும் வழியே அங்கு இல்லை. ஏதோ கணினிக் கோளாறு என்று நினைத்து இரண்டு வாரம் விட்டுவிட்டார். வேறு ஏதோ பேச்சுக்கு என் வீட்டுக்கு வந்தவர், தோசை சாப்பிட்டுக்கொண்டே இதைச் சொன்னார். தாளைக் காட்டச் சொன்னேன். நீதிமன்றத்துக்கு வர வேண்டிய தேதிக்குப் பதினொரு நாள்தான் இருந்தது.

வர்ஜீனியாவில் அனுமதித்த வேகத்தைவிட 20 மைலோ அதற்கு மேலோ கூடினாலும், சாலை எதுவானாலும் 85 மைலைத் தாண்டினாலும், அது வெறும் வேக டிக்கெட் அல்ல. ரெக்லெஸ் டிரைவிங், கண்மூடித்தனமாக ஓட்டிய குற்றம். வகை ஒன்று மிஸ்டிமீனர், அதாவது குற்றவியல் வழக்கு. பன்னிரண்டு மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. முதல் முறை மாட்டுகிறவரை எல்லோரையும் சிறையில் போடுகிறார்கள் என்று சொல்ல வரவில்லை, பீதியைக் கிளப்புகிறேன் என்பீர்கள். 2020 ஜூலைக்கு முன் இந்த 85 என்ற எல்லை 80-ஆகத்தான் இருந்தது, இப்போது கொஞ்சம் தளர்த்தியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தம்பி கையில் இருந்தது நீதிமன்ற அழைப்பாணை. அதனால்தான் ஆன்லைனில் கட்ட வழியில்லை.

இதில் விசித்திரம் என்னவென்றால், அந்தக் குற்றம் உறுதியானாலும் நியூ ஜெர்சி ரெக்கார்டில் ஏறுவது அதே இரண்டு பாயின்ட்தான். பாயின்டை மட்டும் பார்ப்பவருக்கு என்னுடைய 79-ம் அவருடைய 91-ம் ஒன்றே. அவருடைய உண்மையான ஆபத்து பாயின்டில் இல்லை. அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போய், சென்னையில் விசா முத்திரை வாங்கித் திரும்புவதாக இருந்தார். அதற்கு நிரப்ப வேண்டிய டிஎஸ்-160 படிவத்தில், எந்தக் குற்றத்துக்காகவாவது எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா, தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா என்ற கேள்வி இருக்கிறது. ரெக்லெஸ் டிரைவிங் உறுதியாகியிருந்தால் அவர் "ஆம்" என்று எழுத வேண்டியிருந்திருக்கும். அதற்குப் பிறகு தூதரக ஜன்னலில் என்ன கேட்பார்கள், எத்தனை வாரம் காக்க வைப்பார்கள் என்ற கவலையோடு அம்மா சமைத்ததைச் சாப்பிட வேண்டியிருந்திருக்கும்.

அந்த ஊர் லாயர் ஒருவரைப் பிடித்தோம். தம்பி பாதுகாப்பாக ஓட்டும் வகுப்பு ஒன்றை முடித்தார், ஸ்பீடோமீட்டரைச் சோதித்த தாள் ஒன்று வாங்கினார், நீதிமன்றத்துக்கு நேரில் போனார். வழக்கு சாதாரண வேக மீறலாகக் குறைக்கப்பட்டது. அபராதம், லாயர் கட்டணம் எல்லாம் சேர்ந்து ஒரு மாத வாடகை போனது. போகட்டும். பதினொரு நாள் கழித்து அவர் அந்தத் தோசையைச் சாப்பிட வந்திருந்தால்?

(அதே குழுவில் இன்னொருவர் அவருக்கு ரேடார் டிடெக்டர் வாங்கி வைக்கச் சொல்லியிருந்தார். காரில் அதைப் பொருத்தி ஓட்டுவதே வர்ஜீனியாவில் சட்டவிரோதம். யோசனை சொல்வதில் நம்மை அடிக்க ஆளில்லை.)

மூன்றாவது கதை, கட்டாமலே விட்டவருடையது. வெளி மாநிலத்தில் 40, 50 மைல் தொலைவில் வாங்கிய ஒரு சின்ன டிக்கெட்டை, "அவங்க எங்க நம்மளத் தேடி வரப்போறாங்க" என்று மேசை இழுப்பறையில் போட்டுவிட்டார். தேடி வருவதற்கு இன்னொரு ஒப்பந்தம் இருக்கிறது, நான்-ரெசிடென்ட் வயலேட்டர் காம்பாக்ட் என்று. நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் அதில் உறுப்பினர்கள். டிக்கெட்டுக்குப் பதில் சொல்லாமல் இருந்தால் அந்த மாநிலம் நம் மாநிலத்துக்குச் சொல்லும், நம் மாநிலம் லைசென்ஸை நிறுத்திவைக்கும், அந்த டிக்கெட்டை முடித்துக்கொண்டு வரும்வரை. அதாவது, டிக்கெட்டைப் பாயின்டாக ஏற்றாத நியூயார்க்கில் இருப்பவருக்கும் இது உண்டு. இவர் வீடு மாறியிருந்தார், லைசென்ஸில் பழைய முகவரி. நோட்டீஸ் அங்கே போய்விட்டது. ஒரு மாலை பின்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய உள்ளூர் போலீஸ்காரர்தான், உங்கள் லைசென்ஸ் செல்லாது என்று முதன்முதலாகச் சொன்னார். நிறுத்திவைத்த லைசென்ஸில் ஓட்டினால் நியூ ஜெர்சியில் முதல் தடவைக்கே 500 டாலர் அபராதம். லைசென்ஸைத் திரும்ப உயிர்ப்பிக்க இன்னும் 100. இழுப்பறையில் கிடந்த டிக்கெட் அந்தத் தொகையில் பாதிகூட இல்லை. நடந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம். என்னிடம் சொன்னதும் என் 150 டாலர் கதையைக் கேட்ட பிறகுதான்.

இந்த வெட்கம்தான் நம் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். ஒன்றும் ஆகாமல் தப்பித்தவர்கள் குழுவில் சத்தமாக எழுதுகிறார்கள். மாட்டியவர்கள் வாய் திறப்பதில்லை. அதனால் படிப்பவர்களுக்குத் தப்பித்தவர்களின் அனுபவம் மட்டுமே சட்டமாகத் தெரிகிறது.

குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு, அதைச் சொல்லாவிட்டால் நியாயமில்லை. வாஷிங்டன் டிசி, மேரிலாந்து பக்கம் போனவர்களுக்குத் தபாலில் படத்தோடு வரும் கேமரா டிக்கெட் வேறு வகை. அது வண்டியின் உரிமையாளருக்கு வருவது, ஓட்டியவருடைய ரெக்கார்டுக்குப் போவதில்லை, பாயின்ட் இல்லை. நியூ ஜெர்சியில் வேகக் கேமராவே கிடையாது என்பதால் நமக்கு அது புதிதாகத் தெரிகிறது. அதைக் கட்டிவிட்டு "ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் சொல்வது உண்மை. ஆனால் அது போலீஸ்காரர் நிறுத்தி, லைசென்ஸை வாங்கிப் பார்த்து, கையில் கொடுத்த தாளுக்குப் பொருந்தாது. இந்த ஒரு வித்தியாசத்தை அந்தக் குறிப்பில் சேர்த்திருந்தால்கூடப் பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள்.

எனக்கு வர்ஜீனியா லாயர் சொன்ன ஒன்று இன்னும் உறுத்துகிறது. நியூ ஜெர்சிக்குள் டிக்கெட் வாங்கினால் நம்மில் பலருக்கு என்ன செய்வது என்று தெரியும். உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போய், அரசுத் தரப்பு வழக்குரைஞரிடம் பேசி, "அன்சேஃப் டிரைவிங்" என்ற பிரிவுக்கு மாற்றிக் கேட்பார்கள். முதல் இரண்டு முறை அதற்குப் பாயின்ட் இல்லை, அபராதமும் 250 டாலர் கூடுதல் கட்டணமும் மட்டும். இது சங்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். வட கரோலினாவிலும் அப்படி ஒன்று இருக்கிறது: சாதாரண வேக டிக்கெட்டை, வண்டியின் கருவி சரியில்லை என்ற பிரிவாக மாற்றித் தரக் கேட்கலாம். பாயின்ட் கிடையாது. எனக்குக் கிடைத்திருக்கும் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்கும் வாய்ப்பு எனக்கு இருந்தது. "கட்டிட்டு மறந்துடுங்க" என்ற வரி அந்த வாய்ப்பை ஒரே இரவில் மூடிவிட்டது. கட்டிய பிறகு அதைத் திறப்பது பெரும்பாடு.

உங்கள் வாதங்களும் எனக்குத் தெரியும். வேகமாகப் போகாமல் இருந்தால் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னார். உண்மை. அந்த டிக்கெட்டுக்குப் பிறகு நான் வேகத்தைப் பூட்டிவைத்துத்தான் ஓட்டுகிறேன், பின்னால் வரும் லாரிகள் ஹார்ன் அடித்தாலும். ஆனால் சங்கம் இந்த விஷயத்தில் வாயே திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பதில் பொருந்தும். சங்கத்தின் பெயரும் சின்னமும் போட்ட பதிவில் தவறான சட்ட யோசனையைக் குத்திவைத்துவிட்டு, சரியானதைச் சொல்ல வந்தால் மட்டும் "சட்டத்தில் தலையிடுவதில்லை" என்பது எப்படி? தவறாகச் சொல்வது தலையிடுவதில் சேராதா?

அப்புறம், பொறுப்பு வந்துவிடுமே என்ற பயம். நாளை யாராவது "சங்கம் சொல்லித்தான் செய்தேன்" என்றால் என்ன செய்வது என்று பொருளாளர் கேட்டார். அந்தப் பொறுப்பு ஏற்கெனவே வந்தாயிற்று. நான் செய்ததே சங்கம் சொல்லித்தான்.

இனி நான் கேட்பவை.

பதினான்காவது குறிப்பை இந்த வாரமே எடுத்துவிடுங்கள். சத்தமில்லாமல் எடுக்காமல், அது தவறு, நம்பிக் கட்டியவர்கள் தங்கள் மாநில ரெக்கார்டை ஒருமுறை எடுத்துப் பார்க்கவும் என்று அதே இடத்தில் எழுதுங்கள். ரெக்கார்டின் நகலைச் சிறிய கட்டணத்துக்கு மாநிலத்திடமே வாங்கலாம். தாளைத் தொலைத்தவர்களும் இழுப்பறையில் போட்டவர்களும் அதில் தெரிந்துகொள்வார்கள்.

அதற்குப் பதிலாக எழுதும் குறிப்பில் இரண்டு கரைக்கும் தனித்தனியாக எழுதுங்கள். நியூ ஜெர்சி லைசென்ஸ் என்றால் இது, நியூயார்க் என்றால் இது, கனெக்டிகட், பென்சில்வேனியா உறுப்பினர்கள் தங்கள் மாநில விதியைக் கேட்டுக்கொள்ளவும் என்று. முதல் வரி மட்டும் எல்லோருக்கும் பொது: பணம் கட்டுமுன் தாளை முழுக்கப் படியுங்கள், அதில் நீதிமன்றத்துக்கு வரச் சொல்லியிருக்கிறதா என்று பாருங்கள், பதில் சொல்ல வேண்டிய கடைசித் தேதியைக் காலண்டரில் எழுதுங்கள். வீடு மாறியவர்கள் லைசென்ஸில் முகவரியை மாற்றுவதையும் சேருங்கள். வரைவு என்னிடம் இருக்கிறது, லாயர் பார்த்துத் திருத்திக் கொடுத்தது. யார் பெயரில் வேண்டுமானாலும் போடுங்கள், என் பெயர் வேண்டாம்.

நான் கேட்ட அரை மணி நேரத்தை ஆகஸ்ட் மாதப் புதியவர் வரவேற்பில் கொடுங்கள். மேடை வேண்டாம், பக்கத்து அறை போதும். போலீஸ் நிறுத்தினால் ஊரில் போலக் கதவைத் திறந்து இறங்கிப் போய்ப் பேசக் கூடாது, உள்ளேயே உட்கார்ந்து கைகளை ஸ்டீயரிங் மேல் வைக்க வேண்டும் என்பதிலிருந்து அவர் தொடங்குவார். விசாவில் இருப்பவர்கள் தனியாகக் கேட்க அரை மணி நேரம் கூடுதலாக இருக்கவும் அவர் தயார். மாட்டியவர்கள் பெயர் சொல்லாமல் சீட்டில் எழுதிக் கேட்கலாம் என்று ஏற்பாடு செய்யுங்கள், அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

கடைசியாக, என் பதிவை ஏன் நீக்கினீர்கள், யார் முடிவு அது என்பதைச் சொல்லுங்கள். ஜூலை நான்காம் தேதி வார இறுதி மாநாட்டுக்கு இந்த ஆண்டும் பத்துப் பன்னிரண்டு கார்கள் ஒன்றாகக் கிளம்பப் போகின்றன, மூன்று நான்கு மாநிலங்களைக் கடந்து. பாதிப் பேர் புதியவர்கள். அந்தக் கார்கள் கிளம்புவதற்கு முன் பதில் வேண்டும். எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், குழுவிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
பதினொரு ஆண்டாகச் சந்தா கட்டிவரும் ஓர் உறுப்பினர்,
மத்திய நியூ ஜெர்சி